நீர்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அப்பாவின் கீழுதட்டில் ஒற்றினாள். வெடித்திருந்த உதடு ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொண்டது. அவர் நாக்கு நுனியால் பஞ்சை மெல்ல வெளியே தள்ளினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

“நீர்…”

“இதுக்கு மேல குடுக்கக் கூடாதுப்பா,” என்றாள் மகள். “நுரையீரலுக்குள்ள போயிடும்னு டாக்டர் சொன்னாருல்ல? கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

“நீர்…”

இரண்டாவது தடவை பக்கவாதம் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. விழுங்கும் சக்தி போய்விட்டது. மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் ஆகாரம். வாய் வழியாக ஒரு சொட்டும் கூடாது, உதட்டை நனைக்கலாம், அவ்வளவுதான் என்று சொல்லியே ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முதல் தடவை வந்தபோதே அவருக்குச் சொற்கள் இடம் மாறிவிட்டன. மூக்குக் கண்ணாடி வேண்டுமென்றால் ஜன்னல் என்பார். ஒருநாள் மகளையே “ஓவர்சியர்” என்று கூப்பிட்டார். அவளும் சளைக்காமல், “சொல்லுங்க, எந்த வால்வு கெட்டுப்போச்சு?” என்று கேட்டாள். அவர் சிரித்தார். இப்போது அந்தத் தப்பான சொற்களும் போய், இது ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. நா வறண்ட மனிதர் நீர் என்றால் வேறு எதைக் கேட்பார்?

கட்டிலின் கால்மாட்டில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். மனதில் பட்டதை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

“ஊருக்கெல்லாம் தண்ணி விட்டவன்டி அவன்,” என்றாள். “அவனுக்கு ஒரு ஸ்பூன் குடுத்தா குடியா முழுகிடும்?”

“குடுக்கணும்னு எனக்கு ஆசையில்லையா அத்தை?”

“ஆசை இருக்கிறவ இப்படித்தான் பஞ்சை ஒட்டப் பிழிவாளா?”

அவள் பஞ்சை மறுபடி கிண்ணத்தில் நனைத்தாள். கண்ணாடிக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பதினோரு நாளாக அவர் பக்கத்தை விட்டு நகராமல் இருந்தாள். கேட்டவரின் தாகம் பெரிதுதான். கேட்டதைக் கொடுக்க முடியாமல் நிற்பவரின் தாகம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அதைவிட இன்னொன்று அவளை அரித்தது. முதல் பக்கவாதத்திலேயே அப்பாவுக்கு ஜெபம் மறந்துபோனது. சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தால், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஆமென் என்றுகூடச் சொல்வதில்லை. வாழ்நாளெல்லாம் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டிருந்த கை இப்படித் தளர்ந்துவிட்டதே, இனி யார் யாரைப் பிடித்துக்கொள்வது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. “உம்மை நம்பின மனுஷன்தானே,” என்று கிண்ணத்தில் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் மனதுக்குள் கேட்டாள். “கடைசியில நா வறண்டுதான் போகணுமா?” எந்தப் பதிலும் வரவில்லை.

அன்றும் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மகள் குனிந்து, பஞ்சை நனைத்து, உதட்டில் வைத்தாள்.

இந்தத் தடவை அவர் தள்ளவில்லை.

*

அண்ணன் சாயங்கால ரயிலில் வந்து சேர்ந்தான். வெளியூரில் லாரிப் பட்டறை வைத்திருப்பவன். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு முகம் கழுவிவிட்டு, தங்கை நின்றிருந்த சமையலறைக்கு வந்தான். ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டான்.

“கடைசியா தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தாராமே. அத்தை சொன்னாங்க.”

“ம்.”

“குடுக்கலையா?”

“குடுக்கக் கூடாதுன்னு டாக்டர்…”

“டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு. போகப்போற மனுஷன்…”

முடிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான். குடிக்காமலே மேடைமேல் வைத்துவிட்டு வெளியே போனான். அவன் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். நிரம்பிய அந்த டம்ளரோடு அவளால் சண்டை போட முடியவில்லை.

*

மறுநாள் காலையில் கூடத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். வாடகை நாற்காலிகளில் ஆட்கள் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். போதகர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஒன்பதரைக்கு ஏணி மாமா வந்தார். குடிநீர் நிலையத்தில் அப்பா பம்ப் ஆபரேட்டராக இருந்த முப்பத்தோரு வருடத்தில், பாதிக்கு மேல் அவருக்கு உதவியாளாக இருந்தவர். எந்தச் சாமியையும் கும்பிடாதவர். ஆள் குள்ளம். கேலிக்காகத்தான் ஏணி என்று பேர் வந்தது என்று அண்ணனும் தங்கையும் சிறு வயதிலிருந்து நினைத்திருந்தார்கள்.

பெட்டிக்கு அருகில் வெகுநேரம் நின்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எனக்கு இந்தப் பேரு வச்சது உங்கப்பாதான், தெரியுமா தம்பி?”

“நீங்க கொஞ்சம்… உயரம் கம்மின்னு…”

“பாத்தியா! ஊரே அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கு. உங்கப்பாவும் யார்கிட்டயும் சொல்லல. மானத்தைக் காப்பாத்திட்டாரு.” கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். “நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். காலையில அஞ்சரைக்கு மோட்டார் போடணும். உங்கப்பா ஸ்விட்சு மேல கைய வச்சாரு. கண்ணை மூடினாரு. ‘நீர் பார்த்துக்கொள்ளும்’னாரு. நான் என்னத்தக் கண்டேன்? தொட்டியில நீரைப் பாத்துக்கன்னு எனக்குத்தான் சொல்றாருன்னு நினைச்சேன். சீனியர் சொன்னா செய்யணும்ல? விடுவிடுன்னு மேல்தொட்டி ஏணியில ஏறி எட்டிப் பாத்துட்டு வந்து, ‘அரைத் தொட்டி இருக்குண்ணே’ன்னேன். ‘சரிப்பா’ன்னாரு.”

பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பினார்கள்.

“மறுநாளும் அதே மாதிரி கண்ணை மூடி, ‘நீர் பார்த்துக்கொள்ளும்.’ மறுநாளும் ஏறினேன். ஒரு வாரம்! நூத்திப் பன்னெண்டு படி. முட்டி ரெண்டும் கழண்டு போச்சு. எட்டாவது நாள் அவரே கேட்டாரு. ‘ஏம்ப்பா, கீழ மீட்டர்லயே அளவு தெரியுது. நீ எதுக்கு தினம் மேல ஏறி இறங்குற? வேண்டுதலா?’ ‘நீங்கதானேண்ணே நீரைப் பாக்கச் சொல்றீங்க’ன்னேன். மனுஷன் சிரிச்சாரு பாரு, சிரிப்புல மோட்டார் போடவே மறந்துட்டாரு. அன்னிக்கு ஊருக்கே கால் மணி நேரம் லேட்டாத்தான் தண்ணி போச்சு.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. துக்க வீடு என்பது நினைவுக்கு வந்து ஆளாளுக்கு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தைகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“அப்புறம்தான் சொன்னாரு. ‘அது உனக்குச் சொல்றது இல்லப்பா. தண்ணிய நான் தண்ணின்னுதான் சொல்லுவேன். நீர்னு நான் ஒருத்தரைத்தான் கூப்பிடுவேன்’னு. அன்னிலேர்ந்து நான் ஏணி.”

பெட்டியின் தலைமாட்டில் பூக்களை ஒதுக்கிக்கொண்டிருந்த மகளின் கை நின்றது.

“மாமா, என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க.”

“எதும்மா? ஏணிக் கதையா?”

“கடைசியா சொன்னது.”

அவர் குழப்பத்தோடு திருப்பிச் சொன்னார். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டோமோ என்று அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்களுடைய சாப்பாட்டு மேசையில் அந்தச் சொல் தினமும் மூன்று வேளை ஒலித்தது. அப்பா வாய்ச்சாலகம் இல்லாதவர். அவருடைய ஜெபம் தட்டில் ஆவி அடங்கும் முன்பே முடிந்துவிடும். நீர் தந்தீர், நீர் பார்த்துக்கொள்ளும், ஆமென். மற்றவர்கள் வீட்டில் எவ்வளவு நீளமாக ஜெபிக்கிறார்கள் என்று அம்மா உயிரோடிருந்தபோது குறைப்பட்டுக்கொள்வாள். “அவருக்குத் தெரியாததா, நான் விளக்கிச் சொல்றதுக்கு?” என்பார் அப்பா.

“அண்ணா,” என்றாள் மகள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “பஞ்சை வச்சா நாக்கால தள்ளிடுவாரு. கண்ணை மூடிக்குவாரு. அதுக்கப்புறம்தான் சொல்லுவாரு.”

அண்ணன் நிமிர்ந்தான்.

“தண்ணி கேக்குறவரு எதுக்கு அண்ணா கண்ணை மூடணும்?”

ஏணி மாமா, “தண்ணியா? அவரு என்னைக்கு தண்ணிய நீருன்னாரு? ரிஜிஸ்தர்லயே ‘தண்ணி திறந்தாச்சு’ன்னுதான் எழுதுவாரு. குடிநீர்னு எழுதுய்யான்னு இன்ஜினியர் தலையில அடிச்சுக்குவாரு,” என்றார்.

எல்லாச் சொற்களும் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயிருந்தன. ஜன்னல் போயிற்று, ஓவர்சியர் போயிற்று, பிள்ளைகளின் பேரும் போயிற்று. போகாமல் நின்ற சொல் இது ஒன்றுதான். அவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாரா, அது அவரைப் பிடித்துக்கொண்டிருந்ததா என்று மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அத்தை மெல்ல எழுந்து அவளருகே வந்தாள்.

“என்னென்ன பேசிட்டேன்டி உன்னை…”

“நானும் தண்ணின்னுதானே நினைச்சேன் அத்தை. அவரு ஜெபம் பண்ணப் பண்ண, வாயில பஞ்சை வச்சு வச்சு அடைச்சிருக்கேன்.” சிரிக்கப் பார்த்தாள். அது வேறு ஏதோ சத்தமாக வெளிவந்தது.

“அடைச்சா என்ன?” அத்தை அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். ஓயாமல் ஈரத்தில் இருந்ததால் விரல் நுனிகள் தோலுரிந்து வெளுத்திருந்தன. “அவன் நீர்னு கூப்பிட்டப்பல்லாம் யாருடி வந்து நின்னது? பஞ்சும் கையுமா நீதானே? அவரு அனுப்பாமலா வந்தே?”

வாசலில் போதகரின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்தார்கள். அண்ணன் எழுந்து வந்து, தங்கை பாதியில் விட்டிருந்த பூக்களை அவளோடு சேர்ந்து ஒதுக்கினான்.

*

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. போதகரின் ஜெபம் முழுக்க அந்தச் சொல் வந்துகொண்டே இருந்தது. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த சொல். இன்றைக்குத்தான் அவள் ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

“போய்ப் படு,” என்றாள் அத்தை.

“வர்றவங்களுக்கு டீ…”

“எனக்குக் கை இல்லையா? படுடின்னா படு.”

அறைக் கதவை முழுக்கச் சாத்தாமல் படுத்தாள். ஐந்து நிமிடம் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தாள். காது வழக்கம்போல அடுத்த அறைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல், திரும்பி வந்தது. 

வெளியே நாற்காலிக் கடை ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஒரு நாற்காலியைத் தரையில் இழுத்தான். “உஷ்!” என்றது அண்ணனின் குரல். “உள்ள தூங்குறா. நீங்க வண்டிகிட்ட நில்லுங்க, நானே கொண்டுவந்து தர்றேன்.”

கதவிடுக்கு வழியாகக் கூடம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. அண்ணன் செருப்பில்லாத காலோடு, ஒரு நாற்காலியை இரண்டு கையாலும் நெஞ்சோடு தூக்கிக்கொண்டு, கால் எதிலும் இடித்துவிடாமல் பக்கவாட்டில் நடந்து போனான். திரும்பி வந்தான். இன்னொன்றைத் தூக்கினான். சுவரில் உரசப்போன அதன் காலைத் தன் விரலைக் கொடுத்துத் தடுத்தான்.

நான்காவது நாற்காலி வரை அவள் பார்த்தாள்.