லிப்டில் பேசிய தமிழ்

துளசிக்கு நாற்பத்திரண்டு வயது. மலேசியாவில், ஈப்போ நகரத்துச் சிலிபினில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறாள். அங்கே மொத்தமே ஆறு பேர்தான். முதலாளி ஜெயபாலன். நோயாளிகளின் விவரத்தைக் கிளினிக்குகளில் பதிந்துவைக்கும் மென்பொருள் அவர்கள் தொழில். இருந்த பெரிய வாடிக்கையாளர் போன மாதம் கோலாலம்பூர்க்காரர்களிடம் போய்விட்டார். இந்த மாதக் கடைசிக்குள் புதிதாக யாரும் கையெழுத்துப் போடாவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று ஜெயபாலன் திங்கட்கிழமை எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

கையெழுத்துப் போடக்கூடிய ஆள் ஒருவர்தான் கண்ணுக்குத் தெரிந்தார். பேரா மாநிலம் முழுக்கப் பதினொரு கிளினிக் வைத்திருக்கும் மிஸ்டர் ஃபோங். வியாழக்கிழமை ஈப்போ ஹோட்டலில் நடந்த தொழில்நுட்ப மாநாட்டுக்கு அவரும் வந்திருந்தார். ஜெயபாலனுக்கு மேடையில் பதினைந்து நிமிடம் கிடைத்திருந்தது. மென்பொருளை இயக்கிக் காட்டுவது துளசியின் வேலை.

கீழ்த்தளத்தில் லிப்ட் கதவு திறந்தபோது உள்ளே ஃபோங்கே நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். கழுத்தில் மாநாட்டு அட்டை, கையில் கைப்பேசி. ஜெயபாலன் ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னார். அவர் தலையை அசைத்துவிட்டு மறுபடியும் கைப்பேசியில் மூழ்கிவிட்டார்.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, கண்ணுகளா. பக்கத்தில் நிற்பவர் சீனராக இருந்துவிட்டால், தமிழில் பேசுவதைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதாக நினைத்துக்கொள்வோம். பேருந்தில் செய்வோம், சந்தையில் செய்வோம். சமயத்தில் அந்த ஆளைப் பற்றியே பேசுவோம்.

"சிரிலா துளசி," என்றார் ஜெயபாலன். "மூஞ்சிய சர்வர் படுத்துக்கிட்ட மாதிரி வச்சிருந்தா எவன் கிட்ட வருவான்? இந்தாள பாரு. ஊறுகா ஜாடி மாதிரி இறுக்கி மூடின மூஞ்சி. இத நாமதான் தெறக்கணும்."

"அண்ணே, அந்த அலர்ஜி விஷயம்..."

"மறுபடி ஆரம்பிக்காத."

"ரெண்டு பதிவ ஒண்ணா சேத்தா விவரம் காணாம போவுது அண்ணே. போன வெள்ளிக்கிழமை நாமளே பாத்தோம். அந்த ராக்காயி அம்மாவுக்கு பென்சிலின் ஆகாதுன்னு போட்டிருந்துச்சு. சேத்ததும் போயிருச்சு. அந்த நர்சுக்கு அவங்கள தெரிஞ்சதால தப்பிச்சோம்."

"அத மேடை ஏறிச் சொல்லணுமா? சொன்னா ஹபிஸ், எல்லாம் முடிஞ்சுது, ஆறு பேரும் வீட்டுக்குப் போலாம். மொதல்ல கையெழுத்து வாங்குவோம், பெறகு சரி பண்ணுவோம். நீ அந்தப் பக்கமே போகாத. வெளங்குதா?"

லிப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. "சரிங்க அண்ணே," என்றாள் துளசி. ஃபோங் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, கடைசியாக வெளியே வந்தார்.

கோளாறு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த வயதானவர்கள் கிளினிக்குக்குத் தனியாகப் போனால் பழைய அடையாள அட்டை எண்ணைத்தான் சொல்வார்கள். அதுதான் அவர்களுக்கு மனப்பாடம். மகள் கூட வந்தால் புதிய அட்டையை நீட்டுவாள். இப்படி ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு விழுந்துவிடும். அவற்றை ஒன்றாக்கும்போது, எந்த மருந்து உடம்புக்கு ஆகாது என்ற அந்த ஒரு வரி அழிந்துபோய்விடும். அவ்வளவுதான் கோளாறு. அந்த வரி இல்லாமல் ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தேநீர் இடைவேளையில் ஜெயபாலன் அவளைக் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டார். "பத்து பேரையாவது புடி. சும்மா செவத்த புடிச்சிட்டு நிக்காத." பினாங்கிலிருந்து வந்த ஒருவர் என்ன வேலை என்று கேட்டார். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய கைப்பேசியில் இருந்த க்யூஆர் குறியீட்டைத் தன் கைப்பேசியால் படம் பிடித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். துளசி தேநீர் வரிசையில் போய் ஒதுங்கினாள்.

அபுபக்கர் என்கிற உணவகக்காரர் அங்கே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். துளசிக்கு முன்னால் ஃபோங் நின்றிருந்தார்.

"அண்ணே, பாலில்லாம தே ஓ ஒண்ணு," என்றார் ஃபோங். "சீனி கொறச்சு. காலையில போட்டது பாயாசமால்ல இருந்துச்சு."

தமிழ். அதுவும் பழைய தோட்டத்துத் தமிழ்.

அபுபக்கர் சிரித்துவிட்டார். "தவுக்கே, எங்க படிச்சீங்க இப்படி?" என்றார், சீன முதலாளிகளைக் கூப்பிடும் வழக்கப்படி.

"படிச்சனா? ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் கித்தா பால் வெட்டுற தோட்டத்துல எங்கப்பா கடை வச்சிருந்தாரு. பதினஞ்சு வயசு வரைக்கும் லயத்து வீட்டுப் பிள்ளைங்களோடதான் ஆட்டம், சண்டை எல்லாம். எங்கம்மா என்னை ஏசறதே தமிழ்லதான்."

லிப்டில் பேசியதெல்லாம் துளசிக்கு நினைவு வந்தது. ஃபோங் கோப்பையோடு திரும்பினார். அவளைப் பார்த்தார். சிரிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. ஒரு வாய் குடித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அவள் மேடைப் பக்கம் ஓடினாள். ஜெயபாலன் திரைக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஃபோங்குக்குத் தமிழ் தெரியும்."

"கொஞ்சந்தானே?"

"நம்மள விட நல்லா பேசறாரு."

ஜெயபாலன் ஒயரைக் கீழே வைத்தார். "ஊறுகா ஜாடின்னு சொன்னேனே."

"அத விடுங்க. அலர்ஜி விஷயம்?"

"ஃபோன தானே பாத்துட்டு இருந்தாரு. காதுல விழுந்திருக்காது."

"விழுந்திருந்தா?"

"கேக்க மாட்டாருலா," என்றார் ஜெயபாலன். குளிர்சாதனக் காற்றுக்கு நேரே நின்றவரின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

இரண்டு மணிக்கு அவர்கள் முறை வந்தது. ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். ஃபோங் இரண்டாம் வரிசையில், ஓரத்து நாற்காலியில். ஜெயபாலன் நன்றாகவே பேசினார். துளசி ஒவ்வொரு பக்கமாகத் திறந்து காட்டினாள். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. அறிவிப்பாளர் பெண் ஒரு நிமிடம் பாக்கி என்று அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

ஃபோங் கையைத் தூக்கினார்.

ஆங்கிலத்தில்தான் கேட்டார். "என் நோயாளிகளில் பாதிப் பேர் வயதானவர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருக்கும். அதை எப்படி ஒன்றாக்குவது? காட்ட முடியுமா?"

ஜெயபாலன் சிரித்தார். "நேரம் முடிந்துவிட்டது சார். கீழே வந்ததும் உங்களுக்குத் தனியாகவே காட்டுகிறோம்."

ஃபோங் கையை இறக்கினார். ஆனால் கண் ஜெயபாலனிடம் இல்லை. துளசியிடம் இருந்தது.

அவள் கை மவுஸின் மேல் கிடந்தது. மூடினால் மறைக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். திறந்தால் கோளாறு அறைக்கே தெரியும். சிலிபினில் நான்கு பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பவித்ரனுக்கு மூன்று மாதக் குழந்தை. இதையெல்லாம் நினைத்தாள். பிறகு மாயாண்டி என்று ஒரு பெயரைத் தட்டினாள். பழைய எண்ணில் ஒரு பதிவு, அதில் பென்சிலின் ஆகாது. புதிய எண்ணில் இன்னொன்று. இரண்டையும் சேர்க்கும் பொத்தானை அழுத்தினாள்.

திரையில், அந்த வரி இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"இது தவறு," என்றாள் ஆங்கிலத்தில். "போன வெள்ளிக்கிழமை கண்டுபிடித்தோம். இன்னும் சரிசெய்யவில்லை. சரிசெய்யும்வரை யாரும் இதைப் பயன்படுத்தக் கூடாது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அறிவிப்பாளர் பெண் அவசரமாக நன்றி சொன்னாள். ஜெயபாலன் துளசியின் முகத்தைப் பார்க்காமல் ஒயரைப் பிடுங்கினார்.

நடைவழியில் அவர் நான்கடி முன்னால் போனார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொன்னா விட்டிருப்பீங்களா அண்ணே?"

"மாட்டேன்." மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நின்றுவிட்டார். எதிரே ஃபோங் வந்துகொண்டிருந்தார்.

"மிஸ்டர் ஃபோங், காலையில லிப்ட்ல..." என்று தமிழிலேயே ஆரம்பித்தார் ஜெயபாலன்.

"ஊறுகா ஜாடிதானே? எங்க அக்கா இன்னும் மோசமா சொல்லும்." ஃபோங் துளசியின் பக்கம் திரும்பினார். "நீங்க லிப்ட்ல சரின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எனக்குத் தமிழ் தெரியும்னு தெரிஞ்ச பெறகுதான் மேடையில காட்டினீங்க."

"ஆமா."

"தெரியலன்னா?"

ஜெயபாலன் அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் கண் சொன்னது.

"மறைச்சிருப்பேன்னுதான் நெனைக்கிறேன். உறுதியா சொல்ல முடியல."

மண்டபத்துக்குள் அடுத்த நிறுவனத்துக்குக் கைதட்டினார்கள்.

"எத்தனை நாள்ல சரி பண்ணுவீங்க?" என்று கேட்டார் ஃபோங்.

"ரெண்டு நாள்," என்றார் ஜெயபாலன்.

"அவங்கள கேட்டேன்."

"ஆறு நாள் வேணும்," என்றாள் துளசி.

"அப்ப புதன்கிழமை பாரிட் புந்தார் கிளினிக்ல இருந்து என் நர்சு வருவா. அவ கையால சேக்கட்டும். விவரம் நின்னா பதினொரு கிளினிக்குக்கும் கையெழுத்து. நிக்கலன்னா ஒண்ணுக்கும் இல்ல. பெறகு என்கிட்ட வராதீங்க."

அந்த ஆறு நாளும் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்காதீர்கள். ஜெயபாலன் துளசியோடு வேலையைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டை அவரே வாங்கிவந்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை பத்து மணிக்கு நர்ஸ் ஃபரீதா மாடியேறி வந்தாள். தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். ஆறு பேரும் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். அவள் ஒரு பெயரைத் தட்டினாள், பொத்தானை அழுத்தினாள். வரி நின்றது. யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"இருங்க," என்றாள் ஃபரீதா. "இப்ப திருப்பிப் போடறேன். புது அட்டையில ஒரு மருந்து ஆகாது, பழைய அட்டையில வேற மருந்து ஆகாது. ரெண்டும் நிக்கணும்ல?"

துளசி பவித்ரனைப் பார்த்தாள். அந்தப் பகுதியை எழுதியவன் அவன்தான். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை அதை ஒரு தடவை பார்த்தார்கள். ஒரே ஒரு தடவை.

ஃபரீதா அழுத்தினாள். திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு பெயர் வந்தது, பிறந்த தேதி வந்தது. அதன் கீழே முதல் மருந்து, அதற்கடியில் இரண்டாவது மருந்து.

அவள் விரலைத் திரையில் வைத்து இரண்டையும் வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் கைப்பேசியை எடுத்தாள்.

"தவுக்கே, நான்தான். ரெண்டும் நிக்குது."

ஜெயபாலன் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "துளசி," என்றார், ஆறு நாளைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "நர்சம்மாவுக்கு ஒரு தே போடச் சொல்லுலா."