படி திரும்பும் இடத்துச் செடிகள்

ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் போகவில்லை. அமரர் ஊர்தியோடு வந்த வண்டிக்காரர் நேராக விட்டுப் பார்த்தார், சாய்த்து விட்டுப் பார்த்தார். கால் பக்கம் ஒரு முழம் வெளியே நின்றது. லிஃப்ட் கதவு வந்து அதில் முட்டி முட்டித் திரும்பிப் போனது. வெறும் ஸ்ட்ரெச்சர்தான். அம்மா இன்னும் கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தாள்.

"படிதான்க்கா," என்றார் அவர், மகளிடம். "நாலு மாடி. நாங்க ரெண்டு பேரு, மேல ரெண்டு பேரு கை கொடுத்தா இறக்கிடலாம். ஆனா படி திரும்புற எடத்துல எல்லாம் தொட்டியா அடுக்கியிருக்கே, அதை மொதல்ல எடுக்கணும்."

"படி வேணாம்."

"உள்ள போகலையேக்கா."

"வேற எப்படியாவது போகுமா பாருங்க. எங்கம்மா இனிமே அந்தப் படியில கால்..."

கால் வைக்கக் கூடாது என்று சொல்ல வந்தவள், அம்மா இனி எங்குமே கால் வைக்கப் போவதில்லை என்பது உறைத்து, வாயை மூடிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அப்பா வாசலுக்கு வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் திறந்திருந்த கதவு முழுக்கப் பச்சைக் காகித இலைகள். போன வருஷம் குடியிருப்புச் சங்கம் நடத்திய நூறு நாள் சவாலில் ஒட்டியவை. பூமிக்கு நல்லதாக ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் ஒரு இலை. லிஃப்ட் வேண்டாம் என்றால் ஒன்று, துணியைக் கையால் துவைத்தால் ஒன்று, காய்கறித் தோலைக் கீழே உரக்குழியில் போட்டால் ஒன்று. அப்பா மின்சார இலாகாவில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற எதைப் பார்த்தாலும் நிறுத்தத் தோன்றும் கண் அவருக்கு. கட்டடத்தில் 'மீட்டர் சார்' என்றால்தான் தெரியும். நூறு நாள் முடிந்ததும் மற்ற வீடுகளில் இலைகள் பிய்ந்து விழுந்தன. பழக்கங்களும் கூடவே விழுந்தன. இந்தக் கதவில் மட்டும் விளிம்பு மடங்கியவற்றை அப்பா பசை தடவி மறுபடி ஒட்டினார்.

"படியிலயே போகட்டும்மா," என்றார் அப்பா. "உங்கம்மாவுக்கு லிஃப்ட் பழக்கமில்ல. அவளே விட்டுட்டா."

"அவ விடல. நீங்க விட வெச்சீங்க."

"நான் மட்டும் லிஃப்ட்லயா போனேன்?"

அதுவும் நிஜம். அவரும் படிதான். காலையில் நடக்க இறங்குவார், முடித்து ஏறுவார், அன்றைய படி அதோடு தீர்ந்தது. பாலுக்கு, காய்க்கு, உரக்குழிக்கு, நனைந்த துணியோடு மொட்டைமாடிக்கு என்று மிச்ச நாள் முழுவதும் ஏறி இறங்கியது யார் கால் என்று எந்த இலையிலும் எழுதியிருக்கவில்லை.

சங்கச் செயலாளரம்மா ஒரு துணிப்பையில் எவர்சில்வர் டம்ளர்களைச் சுமந்துகொண்டு வந்தாள். துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் காகிதக் கப்பில் தண்ணீர் கொடுத்துவிடக் கூடாதே என்ற கவலை. பையைக் கீழே வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாதான்மா எங்களுக்கெல்லாம் முன்மாதிரி. அந்தத் தொட்டிங்க இருக்கே, ஒவ்வொரு திருப்பத்துலயும் செடி வைக்கணும்னு யாருக்குத் தோணும்? அதுக்குன்னே தனியா ஒரு இலை கொடுத்தோம்." பிடித்த கையை விடாமலே தொடர்ந்தாள். "நேத்து சாயந்திரம்கூடப் பார்த்தேன். மூணாவது மாடி திருப்பத்துல, தொட்டி பக்கத்துல உக்காந்திருந்தாங்க. காய்ப்பை மடியில. 'என்னக்கா, செடியோட கதையா? எங்க வீட்டு ஆளுங்களவிட அதுங்க நல்லாக் கேக்கும்'னு சிரிச்சிக்கிட்டே ஏறிப் போனேன். பதில் சொல்லல. செடியப் பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னு நினைச்சேன்."

அவளுக்கே தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். கையை விட்டுவிட்டுத் துணிப்பையின் காதைத் திருகத் தொடங்கினாள். நேற்று அவள் சிரித்துக்கொண்டே ஏறிப் போய் வெகுநேரம் கழித்து, கீழ்வீட்டுக்காரர் தோளைத் தொட்டபோதுதான் அம்மா சாய்ந்தாள்.

கூடத்தில், தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எழுந்து வந்தாள். வாயில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். ஆறேழு மாதமாக ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள்.

"செடியாம் செடி. அவளுக்கு ரோஜாவுக்கும் கத்திரிக்கும் வித்தியாசம் தெரியுமா? மூச்சு வாங்குது, ரெண்டு படிக்கட்டு ஏறினா நெஞ்சை அடைக்குதுன்னு எங்கிட்ட போன்ல அழுதா. நின்னா, போறவங்க வர்றவங்க என்னன்னு கேக்குறாங்களாம். அதுக்குத்தான் தொட்டி. கையில ஒரு சொம்புத் தண்ணி வெச்சிக்கிட்டு நின்னா யாரும் கேக்க மாட்டாங்களாம்."

"எங்கிட்ட சொல்லலையே, பெரியம்மா," என்றாள் மகள்.

"நீதான் அந்தத் தொட்டிங்க போட்டோவுக்கு ஏழு எட்டு இதயம் போட்டு அனுப்பியிருந்தியாமே. உனக்கு ரொம்ப சந்தோஷம்னு அவ சொன்னா. உங்கிட்ட எப்படிச் சொல்லுவா?"

மகள் சுவரைப் பார்த்தாள். பல் கட்டும் கூடத்தில் வேலை அவளுக்கு. நாள் முழுக்க யார் யாருடைய வாய்க்கோ அளவு பார்த்து மெழுகில் பல் செய்வாள். அன்றும் கையில் மெழுகோடு, கட்டைவிரலால் போட்ட இதயங்கள் அவை. படத்தில் அம்மா இல்லை. செடி மட்டும்தான் இருந்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றார் அப்பா. குரல் சின்னதாக இருந்தது.

"சொன்னா என்ன தம்பி பண்ணியிருப்பீங்க?" பெரியம்மா விடவில்லை. "ஒரு இலை கொறஞ்சிருக்கும். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு எறங்காது உங்களுக்கு. அதைப் பக்கத்துல உக்காந்து பாக்குறதுக்கு மூச்சு வாங்குறதே தேவலைன்னுதான் எங்கிட்ட சொன்னா."

கதவில் ஒரு இலை மடங்கியிருந்தது. அப்பாவின் கை தானாகப் போய் அதை நீவிவிட்டது. நீவுவதை மகள் பார்த்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

வண்டிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு வழி இருக்குக்கா. பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிட்டு, ஸ்ட்ரெச்சரை நிமுத்தி வெச்சா லிஃப்ட்ல போகும். சில வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. அதான் சொல்லல."

"நிக்க வெச்சா?" என்றாள் பெரியம்மா. "செத்தவளையா? நல்லா இருக்கு நியாயம்!"

"அவ நின்னுக்கிட்டேதான் பெரியம்மா இருந்தா," என்றாள் மகள். "கட்டுங்கண்ணே."

நெஞ்சில் ஒரு பட்டை, இடுப்பில் ஒன்று, முழங்காலுக்கு மேல் ஒன்று. கொக்கிகள் மாட்டும் சத்தம் ஒவ்வொன்றுக்கும் அப்பாவின் இமை துடித்தது. முகத்துத் துணி நழுவாதபடி பெரியம்மாவே முடிச்சுப் போட்டாள். திட்டிக்கொண்டேதான் போட்டாள்.

அம்மா லிஃப்டுக்குள் நின்றாள். ஒரு பக்கம் வண்டிக்காரர் தோள் கொடுத்தார், மறுபக்கம் மகள். இன்னொருவருக்கு இடமில்லை. அப்பா வெளியே நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார். அதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

அம்மாவின் உயரம் இவ்வளவுதானா என்று மகளுக்குத் தோன்றியது. தன் தோளுக்குத்தான் வந்தாள். துணிக்கு மேலாக அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். மூன்று, இரண்டு, ஒன்று என்று விளக்கு இறங்கியது. இடுப்பில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டு முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கீழே கதவு திறந்துகொண்டது.

"அவ்ளோதான்க்கா. பிடிங்க," என்றார் வண்டிக்காரர்.

அவ்வளவுதான். இதை மிச்சம் பிடிக்கத்தான் அத்தனை படியும்.

எரியூட்டும் இடத்திலிருந்து திரும்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மகளும் பெரியம்மாவும் லிஃப்ட் பக்கம் போனார்கள். அப்பா படிப் பக்கம் போனார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவர் வீட்டுக்குள் வந்து சேர நேரமாயிற்று. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எத்தனை இடத்தில் நின்று வந்தார் என்று மகள் கேட்கவில்லை.

பெரியம்மா உள்ளறையில் போய்ச் சுருண்டுகொண்டாள். அப்பா குளியலறைக்குப் போனார். வாளியில் குழாய் விழும் சத்தம் கேட்டது. உடனே வெளியே வந்துவிட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கூடத்து நாற்காலியில், நேற்றுவரை உட்கார்ந்ததுபோலவே உட்கார்ந்தார். வாளி நிறைந்ததும் குழாயை மூடிவிட்டு, "தண்ணி ரெடி, வாங்க" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கூப்பிடும். அதுவரை அவர் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

மகள் எதிர்ச்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீரின் சத்தம் மெல்ல மெல்லக் கனத்தது. பிறகு வாளி விளிம்பிலிருந்து தரையில் விழும் சத்தம். அப்பா தலையைத் திருப்பி, குளியலறைக் கதவைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவளும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

தண்ணீர் நிலைப்படியைத் தாண்டியது. அகலமாக, அவசரமில்லாமல், கூடத்துத் தரையில் நகர்ந்து நாற்காலியின் கீழே வந்தது. அப்பா இரண்டு கால்களையும் தூக்கி, நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் வைத்துக்கொண்டார்.