இரண்டும் இடது கை

கோட்டுக்கு வெட்டிய துணிக் கைகள் இரண்டும் இடது கைகளாக இருந்தன. ஹோட்டல் ஊழியர்களின் சீருடைக்காக வெட்டிய கட்டு முழுவதும் அப்படியே.

துணியை நல்ல பக்கம் உள்ளே போகும்படி மடித்து, மேலே அளவு அட்டையை வைத்து வெட்டினால், வலதும் இடதும் தானாக ஜோடியாக வந்துவிடும். மடிக்காமல் ஒரே பக்கமாக அடுக்கினால், வருவதெல்லாம் ஒரே கைதான். புதியவர்கள் செய்கிற தப்பு இது. அந்தத் தையல்கூடத்தில் துணி வெட்டுகிறவளோ பாதி வாழ்க்கையை அந்த மேசை முன்னால் கழித்தவள். ஆனாலும் இது முதல் தடவை அல்ல.

யோசித்துப் பார்த்தாள். கொஞ்ச காலமாகத் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது. முகம் கழுவ வெளியே போகிறாள். அந்த நேரம் அறையில் இருப்பது இஸ்திரி போடும் நாத்தனார் மட்டும். அவள்தான் மடித்து வைத்த துணியைப் பிரித்துப் போடுகிறாள்!

பழி வாங்கும் எண்ணம் இனித்தது. சாப்பாடு, தூக்கம், பேச்சு எதுவும் இனிக்காத நாட்கள் அவை.

"உங்க தங்கச்சி இருக்கற இடத்துல நான் இருக்க மாட்டேன்" என்றாள் கணவனிடம், எல்லார் முன்னாலும். கூடம் அவனுடையது.

"நான் தொடவே இல்ல அண்ணி" என்றாள் நாத்தனார்.

"நடிக்காதடி. போய் வேற வீட்டைக் கெடு."

வேறு வருமானம் இல்லாதவள், பையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் முகம் சிவந்ததை அண்ணி ரசித்துப் பார்த்தாள்.

மறுநாள் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாக வெட்டினாள். எடுத்துப் பார்த்தால், இரண்டும் இடது கை.

பழி இப்போது அவள் பக்கமே திரும்பியது. 'நான் எதுக்கு உயிரோட இருக்கணும்' என்று தோன்றியது. பயந்துபோய், போட்டது போட்டபடி நாத்தனார் வீட்டுக்கு ஓடினாள்.

"இன்னைக்கும் அப்படித்தான் வந்துச்சு. நீ அங்க இல்லையே."

"இதைச் சொல்லவா வந்தீங்க? எல்லார் முன்னாடியும் என்னை விரட்டினீங்க. நான் மன்னிக்கல" என்ற நாத்தனார், அவள் கண்ணைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "ஆனா இப்படி உங்களைத் தனியா விடவும் மாட்டேன். செருப்பைப் போடுங்க, டாக்டர்கிட்ட போறோம்."

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். சாகத் தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேட்டுத் தெரிந்துகொண்டார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு விளக்கினார்.

"மாதவிலக்கு நிக்கறதுக்கு முன்னாடி சில வருஷம் ஹார்மோன் சீரா இறங்காது. ஏறும், விழும், திரும்ப ஏறும். மனநிலையையும் தூக்கத்தையும் பாத்துக்கற மூளை ரசாயனங்களும் கூடவே ஆடும். தூக்கம் போனா கவனம் சிதறும். சிலருக்கு மனச்சோர்வு நோயாவே வரும். உங்களுக்கும் அப்படித்தான் தெரியுது. பிரசவத்துக்கு அப்புறம் அப்படி வந்திருந்தா வாய்ப்பு இன்னும் அதிகம்."

"வந்துச்சு. திமிருன்னு சொல்லிட்டாங்க" என்றாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்ப இந்தப் பழியை யார் மேல போடறது டாக்டர்?"

"என் மேலதான் போட்டாச்சே! முதல்ல அதை எடுங்க" என்றாள் நாத்தனார்.

மறுநாள் காலையில் எல்லாரும் மெஷினில் உட்கார்ந்ததும், நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு அண்ணி நடுவில் வந்து நின்றாள். "தப்பா வெட்டினது நான். இவ தொடல. இவ மேல வீண்பழி போட்டேன்."

கணவன் சலித்துக்கொண்டான். "இந்த வயசுல பொம்பளைங்களுக்குக் கிறுக்குப் பிடிக்கறது வழக்கம்தானே."

நாத்தனார் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கினாள். "அண்ணே, இன்னொரு தடவை அந்த வார்த்தை வரட்டும். சட்டையைக் கழட்டச் சொல்லாமலே தேய்ச்சு விட்டுடுவேன்."

கூடமே சிரித்தது.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "இது கிறுக்கு இல்ல, வைத்தியம் இருக்கற நோய். நடுவயசுல காரணமில்லாம அழுகையும் ஆத்திரமும் வந்தா, பழி போட ஆள் தேடாதீங்க. டாக்டரைத் தேடுங்க. மருந்தா, ஹார்மோனா, ஆலோசனையான்னு அவங்க சொல்வாங்க. நான் தேறுற வரைக்கும் துணியை மடிச்சு வெச்சுட்டு இவளைக் கூப்பிடுவேன். மடிப்பை இவ பாத்துச் சொன்ன பிறகுதான் வெட்டுவேன்."