ஒரே கை அடித்த இரண்டு எண்கள்

அன்று காலை இண்டியானாபொலிஸ் கண்காட்சித் திடலின் மேற்குக் கொட்டகையில் எங்கள் வண்டியைச் சுற்றி நின்றவர்கள் ஐந்து பேர். காசிமிர் ஸ்டகோவியாக் என்னும் நான். என் தங்கை யாத்விகா. அவள் கணவர் டேல் ஹட்சின்ஸ். ஏலக் கம்பெனியின் பரிசோதகர் வெர்னன் டில்லார்ட். எங்கள் தெருக்காரன் லியோ குராவ்ஸ்கி. அவனை யாரும் அழைக்கவில்லை, அவனாகவே ஹாம்ட்ராமிக்கிலிருந்து ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். வேறு ஒருவரும் அங்கே இல்லை. பிறகு எத்தனையோ பேர் தாங்களும் பக்கத்தில் நின்று கேட்டதாகச் சொல்லித் திரிவதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

வண்டி 1970ஆம் வருடத்து டாட்ஜ் சேலஞ்சர். கத்தரிப்பூ நிறம், நான்கு கியர், ஹெமி என்ற பந்தய ரக எஞ்சின். எங்கள் அப்பா புரோனிஸ்லாவ் ஸ்டகோவியாக் ஹாம்ட்ராமிக் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் அந்தந்த வண்டியின் எண்ணைப் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடித்துப் பொறிப்பதுதான் அவர் வேலை. எட்டு எழுத்து, எட்டு அடி. தான் எண் அடித்த வண்டியையே நாலாயிரத்து முன்னூறு டாலருக்கு வாங்கி வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

அந்த வண்டியின் விலை போன போக்கை நினைத்தால் இன்றும் எனக்கு மூச்சு நின்றுவிடும். எழுபத்தைந்தில் பெட்ரோல் விலை ஏறிக் கிடந்தபோது, ஆயிரத்து நானூறு என்று அட்டையில் எழுதி அப்பா அதை வீட்டு முன் புல்தரையில் நிறுத்தினார். மூன்று வாரம் அந்த வழியாகப் போன ஒருவரும் பிரேக்கில் கால் வைக்கவில்லை. அட்டையை எடுத்துவிட்டு வண்டியை உள்ளே தள்ளியவர், மறுபடி விற்பது பற்றிப் பேசவே இல்லை. எண்பத்தொன்பதில் ஒருவர் நாற்பதாயிரம் தருவதாகக் கடிதம் எழுதினார். அப்பா அந்தக் கடிதத்தை மடித்து ஆட்டம் கண்ட சாப்பாட்டு மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 2006இல், இரண்டு லட்சம் என்றார்கள். அடுத்த மூன்றே வருடத்தில் அது பாதியானது. பிறகு மறுபடி ஏறியது. இப்போது ஏலப் புத்தகத்தில் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் என்று அச்சிட்டிருந்தார்கள்.

ஆனால் அந்த விலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வண்டியோடு பிறந்த எஞ்சினே அதில் இருக்க வேண்டும். எஞ்சின் மாறியிருந்தால் விலையில் ஏறக்குறைய பாதி போய்விடும்.

லியோ வந்ததும் அதற்காகத்தான். எங்கள் தெருவில் ஐம்பது வருடமாக ஒரு பேச்சு உண்டு. 1971இல், செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் வண்டியைக் கட்டி இழுத்து வந்ததையும் தெரு நெடுக எண்ணெய் ஒழுகியதையும் லியோ பார்த்தான். புரோனிஸ்லாவ் குடித்துவிட்டு வுட்வர்ட் சாலையில் பந்தயம் ஓட்டி எஞ்சினை உடைத்துவிட்டார் என்று அவன் சொல்ல ஆரம்பித்தான். அப்பா ஒரு நாளும் மறுக்கவில்லை. நான்தான் மறுத்தேன். எண்பத்துநாலில், தொழிற்சாலைச் சங்கத்து விருந்தில், அத்தனை பேர் முன்னால் லியோவின் சட்டைக் காலரைப் பிடித்தேன். அன்றிலிருந்து என் காதுபட அவன் அதைச் சொன்னதில்லை.

டில்லார்ட் வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, விளக்கும் துணியுமாகக் கீழே போனார். கால் மணி நேரம் அவருடைய பூட்ஸ் மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"என்ன டில்லார்ட், உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்றார் டேல்.

"கொஞ்சம் சும்மா இருங்க." கீழேயிருந்து சீட்டி அடிக்கும் சத்தம் கேட்டது. "யம்மா... என்ன எழுத்துய்யா இது!"

வெளியே வந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எண் பொருந்துது. எஞ்சின் பிளாக் வார்த்த தேதியும் சரியா இருக்கு, வண்டி பொறக்கறதுக்கு ஒரு மாசம் முந்தி. இதெல்லாம் விடுங்க. கடைசி எழுத்து நாலு. கியர்பாக்ஸ்ல அந்த நாலு லேசா இடது பக்கம் சாஞ்சிருக்கு. எஞ்சின்லயும் அதே சாய்வு, ஒரு மயிரிழை மாறல. திருட்டுத்தனமா எண் அடிச்ச எஞ்சின் எத்தனையோ பாத்திருக்கேன். இது அது இல்ல. ஒரே ஆள், ஒரே கை, ஒரே பஞ்ச். என் பேரை வெச்சுச் சொல்றேன்."

யாத்விகா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பாவுக்கு மணிக்கட்டு உடைஞ்சிருந்ததுங்க. வீட்டுல அவர் அடிச்ச ஆணி எல்லாம் இடது பக்கம்தான் சாயும்."

"கேட்டியா லியோ?" என்று டேல் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அம்பது வருஷமா எங்க மாமனார் பேரை நாறடிச்சியே. இப்ப என்ன சொல்ற?"

லியோ தொப்பியைக் கழற்றினான். "தப்புத்தான். உங்க அப்பா என்னை மன்னிக்கணும், காஸ். நான் கண்ணால பாத்தது எண்ணெய மட்டுந்தான். மிச்சத்த நானா சேத்துக்கிட்டேன்."

ஐம்பது வருடம் நான் காத்திருந்த வார்த்தை அது. வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

டில்லார்ட் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ஒரே ஆள், ஒரே கை, ஒரே பஞ்ச். ஆனால் இரண்டு அடிக்கும் நடுவே ஒன்றரை வருடம் இருந்தது.

எஞ்சினை உடைத்தவன் நான். எனக்குப் பத்தொன்பது வயது. அந்த ஞாயிறு விடியும்போது, அப்பா தூங்கிக்கொண்டிருக்க, சாவியை எடுத்துக்கொண்டு போனேன். வுட்வர்ட் சாலை காலியாக இருந்தது. போட்டி என்று யாரும் பக்கத்தில் ஓடவில்லை. மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்கு இழுக்க வேண்டியதை அவசரத்தில் இரண்டாவதுக்கு இழுத்துவிட்டேன். எஞ்சின் தாங்காத வேகத்தில் சுற்றி, கனெக்டிங் ராடு ஒன்று பிளாக்கின் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. அந்தச் சத்தத்தை நான் யாரிடமும் விவரித்ததில்லை, இங்கேயும் விவரிக்கப் போவதில்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை. டொலிடோவில் பந்தயக்காரர் ஒருவர் பிரிக்காமல் வைத்திருந்த, எங்கள் வண்டி பிறந்த சமயத்திலேயே வார்த்த வெற்று பிளாக்கை வாங்கி வந்தார். எண் எதுவும் பொறிக்காத பிளாக். நாங்கள் இருவரும் அதைக் கோத்து முடித்த அன்று, தொழிற்சாலையிலிருந்து பஞ்ச் பெட்டியை ஒரு நாளுக்குக் கேட்டு வாங்கி வந்திருந்தார். விளக்கைப் பிடிக்கச் சொன்னார். எட்டு அடி அடித்தார். ஒன்பதாவது அடி கிடையாது, தட்டிப் பார்ப்பதும் கிடையாது. "என் கைய விட்டுப் போற எஞ்சின் பேரில்லாமப் போகாது" என்றார். பிறகு, "நீ உடைச்சேன்னு உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். அம்மா சாகும்வரை அவளுக்குத் தெரியாது. தெரு என்ன பேசுகிறது என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்காக அவர் அதைச் சும்மா விட்டார். நானும் விட்டேன். லியோவின் காலரைப் பிடித்த கை இதே கைதான்.

அந்த எட்டு எழுத்தும் அப்பாவுக்கும் எனக்கும் நடுவே இருந்தவரை அதில் குற்றமில்லை. ஆனால் அதை நம்பி ஓர் அந்நியன் ஒரு லட்சம் டாலர் அதிகம் கொடுக்கிற நிமிடத்தில் என் அப்பா கள்ள எண் அடித்தவர் ஆகிவிடுவார். குடிகாரன் என்று பெயர் எடுத்தவரை, செத்து இருபது வருடம் கழித்து மோசடிக்காரனாகவும் ஆக்க எனக்கு உரிமை இல்லை.

யாத்விகாவைக் கொட்டகையின் ஓரத்துக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். சாப்பிட எடுத்து வந்திருந்த தொத்திறைச்சி ரொட்டியை அவள் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அதிலே பாதி என்னோடது அண்ணே."

"தெரியும்."

"இருபது வருஷமா வண்டிக்குப் போர்வைய மாத்தி மாத்திப் போட்டு எலி கடிக்காமப் பாத்துக்கிட்டவ நான். என் பாதிலயும் சேத்துக் கைய வைக்கிற."

"ஆமா."

"அப்பாவுக்கு இனிமே என்ன வந்துடப் போகுது? அந்தப் பரிசோதகராலயே கண்டுபிடிக்க முடியல, வேற யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?"

"அதனாலதான் நான் சொல்ல வேண்டியிருக்கு. அப்பா வந்து சொல்ல முடியாது."

அவள் ரொட்டியைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். "உடைச்சது நீயா!" என்றாள் கடைசியில். "கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் எனக்கு ஒழுக்கம் சொல்லிக்குடுத்தியே, பாவி!" சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு விளங்கவில்லை. "போ. போய்ச் சொல்லு. நிமிர்ந்து நின்னு சொல்லு."

நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன். டில்லார்ட் தான் கையெழுத்திட்ட சான்றுத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஐயா, வண்டி மேடையேற இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. விலைய ஏத்தச் சொல்லித்தான் எல்லாரும் என்கிட்ட வருவாங்க. உங்களுக்கு வெயில் ஒத்துக்கலையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. தாளை மாத்துங்க."

"உடைஞ்ச பிளாக் எங்க?"

"பழைய இரும்புக்குப் போயிடுச்சு."

"அப்போ சாட்சி?"

"நான்தான். விளக்கு பிடிச்சவன்."

அவர் மறுபடி வண்டிக்குக் கீழே போனார். வெளியே வந்தபோது வேறு மாதிரிப் பேசினார், தாழ்ந்த குரலில். "அதே மனுஷன் அடிச்சதா! எஞ்சின் போலி. எழுத்து அசல். இதுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னே எனக்குத் தெரியல." சிவப்பு மையில் இரண்டு வரி எழுதி என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். லியோ இதையெல்லாம் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

வண்டியை மேடைக்கு நான்தான் ஓட்டினேன். உள்ளே ஐயாயிரம் பேர் இருந்திருப்பார்கள். எஞ்சினைக் கிளப்பியதும் பேச்சுக் குரல் மொத்தமும் அறுந்தது. அந்த ஒலி காதுக்கு வருவதற்கு முன் நெஞ்செலும்புக்கு வந்துவிடும். முன்வரிசையில் ஒரு பெண் பீர்க் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

ஏலக்காரர் சிவப்பு வரிகளைப் படித்தார். எஞ்சின் வண்டியோடு பிறந்ததல்ல. எண் பிறகு அடித்தது. தொழிற்சாலையில் முதல் எண்ணை அடித்த அதே தொழிலாளி அடித்தது. சொன்னவர் அவர் மகன், மேடையில் நிற்கிறார்.

முணுமுணுப்பு எழுந்தது. பத்துப் பன்னிரண்டு கைகள் கீழே இறங்குவதை நானே பார்த்தேன். விலை அறுபதாயிரத்தில் ஆரம்பித்தது. எண்பதில் தயங்கியது. தொண்ணூறில் நின்றே போனது. ஏலக்காரர் தண்ணீர் குடித்தார். பிறகு எங்கிருந்தோ ஒரு லட்சம் என்று ஒரு கை. இன்னொரு மூலையிலிருந்து ஒரு லட்சத்துப் பத்து. இரண்டு பேர் மட்டும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஏறிக்கொண்டே போனார்கள். புல்தரையில் ஆயிரத்து நானூறு என்று மழையில் நனைந்த அட்டையை நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் ஒருவரும் நிற்காத அதே வண்டி, அதே நிறம். உலகத்தில் எது எப்போது விலை பெறும் என்று சொல்லக்கூடியவன் யார்? ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்தில் சுத்தியல் விழுந்தது. ஒரே ஓர் அடி.

வாங்கியவர் அயோவாவில் பன்றிப் பண்ணை வைத்திருப்பவர், என் வயதுக்காரர். சாவியைக் கேட்கவில்லை. கொட்டகைக்கு வந்ததும் நல்ல சட்டையோடு சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, விளக்கோடு உள்ளே நகர்ந்தார்.

"ரெண்டு நாலும் தெரியுது," என்றார் உள்ளேயிருந்து. கோயிலுக்குள் பேசுவது போலப் பேசினார். "அப்பாவோட கையா?"

"அப்பாவோட கைதான்."

"உள்ள வந்து பாக்கறீங்களா?"

எழுபத்தொரு வயதில் நானும் தரையில் படுத்தேன். விளக்கு பிடித்த அந்த நாளுக்குப் பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை. எட்டு எழுத்தும் நேற்று அடித்தது போல இருந்தன. கடைசி நாலு, களைத்த மணிக்கட்டோடு, இடது பக்கம் சாய்ந்திருந்தது.

இப்போது எங்கள் தெருவில் வேறு ஒரு பேச்சு. இதைக் கிளப்பியவனும் லியோதான்; இந்த முறை நல்லெண்ணத்தோடு. எஞ்சினை உடைத்தது புரோனிஸ்லாவ்தானாம். அப்பாவின் பெயரைக் காப்பாற்ற, மகன் ஒரு லட்சத்தையும் இழந்து பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டானாம். பாதிரியார் இதைப் பிரசங்கத்தில்கூடச் சொன்னார் என்று கேள்வி.

அது உண்மையில்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். உடைத்தவன் நான்.