இருபத்து மூன்றாம் கம்பம்

மூன்றாவது வரியில் யசோதராவின் குரல் நின்றுவிட்டது.

முதல் இரண்டு வரியை எப்படியோ படித்துவிட்டாள். "மதிப்பிற்குரிய மண்டல அலுவலர் அவர்களுக்கு" என்பது வரைக்கும் குரலில் ஒன்றும் தெரியவில்லை. "எங்கள் குடியிருப்பின் எதிரே நடைபாதையை அடைத்து மீன் வறுவல் கடை ஒன்று" என்பதையும் படித்தாயிற்று. இனி வருவதைப் படிக்க முடியாது. சுற்றிலும் இருபது பேருக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். அவள் கையில் இருந்தது ஜெராக்ஸ் தாள். அதில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் அவளே எழுதியது.

பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்த்துவிடாதபடி தாளை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இன்னா யசோ, எயுத்து தெரிலியா?" என்று கேட்டார் ஸ்டானிஸ்லாஸ்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். சந்துக்கு ஒரு வம்பு என்றால் முதலில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர். மண்டல ஆபீசில் பியூனாக இருக்கும் பழைய ஃபுட்பால் தோஸ்தைப் பிடித்து இந்த ஜெராக்ஸை வாங்கி வந்தவரும் அவர்தான். கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள்தான் ஆகிறது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண் நன்றாக இருந்திருந்தாலும் யசோதராவிடம்தான் கொடுத்திருப்பார். உப்புக் கிடங்குச் சந்துக்கு ஆபீசிலிருந்து வருகிற காகிதத்தைப் படிப்பதும், சந்திலிருந்து ஆபீசுக்குப் போகிற காகிதத்தை எழுதுவதும் அவள் எட்டாவது படித்த காலத்திலிருந்தே அவள் வேலை. இப்போது பதினொன்றாவது.

"ஜெராக்ஸு மங்கலா கீது மாமா" என்றாள்.

ஒரு வரியைத் தாண்டிக் குதித்து அடுத்ததைப் பிடித்தாள். புகையாலும் வாடையாலும் முதியோரும் குழந்தைகளும் அவதிப்படுவதாகவும், தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்வதாகவும் படித்து முடித்தாள். தாளை மடித்தாள்.

"கம்பத்து நம்பர் இல்லியா?"

கேட்டது பஞ்சர் கடை அப்துல் வஹாப். நேற்றுக் காலை கார்ப்பரேஷன் லாரி வந்தபோது அவர் கடையில்தான் இருந்தார். லாரிக்காரர்கள் யாரிடமும் வழி கேட்கவில்லையாம். அண்ணாந்து கரண்டுக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாக வந்தார்களாம். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று எண்ணி, இருபத்து மூன்றில் வண்டியை நிறுத்தி இறங்கினார்களாம். அந்தக் கம்பத்தடியில்தான் வரலட்சுமியின் வீடும், வாசலில் அவள் மீன் வறுக்கிற தள்ளுவண்டியும். இஸ்திரி வண்டியை அவர்கள் தொடவில்லை, ஆப்பக் கடையையும் தொடவில்லை. மீன் வண்டியை மட்டும் அடுப்பு, கல்லு, குடையோடு தூக்கி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"எதிர் பிளாட்டுல கீறவங்க கேட்டாண்ட கார்ல ஏறி கேட்டாண்ட எறங்கறவங்க. இந்த சந்துல எத்தினி கம்பம் கீதுன்னு அவங்களுக்கு இன்னா தெரியும்? நம்மாளு எவனோ சொல்லிக் குட்த்துகீறான்" என்றார் வஹாப்.

"இல்ல பாய். நம்பர் எதுவும் இல்ல" என்றாள் யசோதரா.

அவர்கள் நின்றிருந்தது அந்தக் கம்பத்தடியில்தான். வண்டி நின்ற இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த நாலு செங்கல்லும், வருஷக்கணக்காக எண்ணெய் சொட்டிக் கறுத்த தரையும் இருந்தன. வரலட்சுமி ஒரு செங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். யசோதராவின் கையில் மடிந்திருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

அந்த நம்பர் அவளாகக் கண்டுபிடித்த வித்தை.

சந்தில் எந்த வீட்டுக்கும் ஒழுங்கான எண் கிடையாது. பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, அதற்குள் ஏ, பி, சி என்று போர்ஷன்கள். வரலட்சுமியின் புருஷன் செத்த பிறகு விதவை பென்ஷனுக்கு யசோதரா எழுதிய முதல் மனு, விசாரிக்க வந்த ஆள் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு முறை திரும்பிப் போனது. மூன்றாம் முறை விலாசத்துக்குக் கீழே "மின்கம்பம் எண் 23 அருகில்" என்று ஒரு வரி சேர்த்தாள். ஆள் நேரே வந்து நின்றான். பென்ஷனும் வந்தது. அன்றிலிருந்து ரேஷன் கார்டோ சாக்கடை அடைப்போ, எந்த மனுவானாலும் கம்பத்து நம்பர் இல்லாமல் அவள் முடித்ததில்லை. ஆபீஸ்காரனுக்கு வேலையைச் சுலபமாக்கினால்தான் வேலை நடக்கும் என்பதில் அவளுக்கு ஒரு சின்ன கர்வமும் இருந்தது.

பிளாட் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் அங்கே புண்ணாக்குக் கிடங்கு இருந்தது. மழைக்காலத்தில் அதன் நாற்றம் கல்மண்டபம் வரைக்கும் போகும், அதைப் பற்றி யாரும் மனு எழுதியதில்லை. இப்போது ஆறு மாடி, லிஃப்டு, வாசலில் நீலச் சட்டை வாட்ச்மேன். ஆட்டோக்காரர்கள் சந்தின் பெயரையே மறந்து "பிளாட்டு ஸ்டாப்பா?" என்று கேட்கிறார்கள். வஹாபின் கடைக்குச் சொந்தக்காரர் அங்கே கேக் கடை வரப்போவதாகச் சொல்லி, ரம்ஜானுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். யசோதராவின் வீட்டு ஓனர் வாடகையை ஏற்றவில்லை, வெள்ளையடிக்க வருகிறவர்போல வந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

பிளாட்டின் மூன்றாம் மாடியில்தான் நீலா ஆன்ட்டி இருந்தார். பேங்க் உத்தியோகம். வளர்ந்தது நாக்பூரில், தமிழ் பேசுவார், எழுத வராது. யசோதராவின் அம்மா ரமாபாய் அந்த வீட்டில் வேலை செய்தாள். மகள் கணக்கில் திணறுகிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னதற்கு, சாயங்காலம் அனுப்பி வை என்றார் ஆன்ட்டி. காசு வாங்கவில்லை. தனி மேஜை கொடுத்தார். அந்த மேஜையில் உட்கார்ந்தபோதுதான், பக்கத்து வீட்டு டீவியும் குழாயடிச் சண்டையும் காதில் விழாமல் ஒரு கணக்கை முதலிலிருந்து கடைசி வரை போட முடியும் என்பதே யசோதராவுக்குத் தெரிந்தது. காலாண்டில் முப்பத்தெட்டு வாங்கியவள் அரையாண்டில் எழுபத்தொன்று வாங்கினாள்.

ஏழு மணிக்கு மேல் ஜன்னல் வழியாக மீன் வறுக்கிற புகை வரும். ஆன்ட்டி திட்டமாட்டார், எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார். கொஞ்ச நாளில் ஆன்ட்டி எழுவதற்கு முன்பே யசோதரா எழுந்து சாத்த ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வரலட்சுமி எப்போதும்போல நாலு நெத்திலியைக் காகிதத்தில் மடித்துக் கையில் திணிப்பாள். தின்றுவிட்டு, மேலே போவதற்கு முன் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினாள். அப்புறம் ஒருநாள், வயிறு சரியில்லை என்று நெத்திலியே வாங்கவில்லை.

போன மாதம் அசோசியேஷனில் ஒரு தீர்மானம் போட்டார்கள். இங்கிலீஷில் மனு கொடுத்துப் பார்த்தும் ஒன்றும் நடக்காததால் தமிழில் கொடுப்பது என்று முடிவாகி, அந்தப் பொறுப்பு ஆன்ட்டி தலையில் விழுந்தது. ஆன்ட்டி யசோதராவிடம் வெள்ளைத்தாள் கட்டை நீட்டினார். யார் பெயரும் வேண்டாம், ஒரு கடை என்று போட்டால் போதும் என்றார்.

"எடுத்துட்டுப் போகணும்னு இல்லம்மா. கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிட்டா நல்லாருக்கும், அவ்வளவுதான்."

யசோதரா எழுதினாள். அப்படி எழுதிக்கொண்டே போனபோது கை தானாக "மின்கம்பம் எண் 23 அருகில்" என்று எழுதிவிட்டது.

எழுதி முடித்ததும் அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். மேஜையில் இன்னும் ஐம்பது தாளாவது இருந்தன. ஒன்றை உருவி முதலிலிருந்து எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் அன்றைக்கு எழுத்து அடித்தல் திருத்தல் இல்லாமல் அச்சு மாதிரி வந்திருந்தது. ஆன்ட்டி தாளை வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு கரெக்டாக எழுதியிருக்கிறாய், இதை ஒருத்தரும் தட்ட முடியாது என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

*

கம்பத்தடியில் பேச்சு வளர்ந்தது. கடல் காற்று வாங்கப் பிளாட்டுக்கு வந்தவர்களுக்கு மீன் வாடை ஆகவில்லையென்றால் கடலுக்கு எதிராகப் பெட்டிஷன் போடட்டும் என்று வஹாப் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஸ்டானிஸ்லாஸ் கையைத் தட்டி அமைதியாக்கினார். சந்து முழுக்கக் கையெழுத்துப் போட்டு ஒரு பதில் மனு. நாளைக்குப் பத்து மணிக்கு அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். எழுதுவது யார் என்று யாரும் கேட்கவில்லை.

மண்டல ஆபீசில் ஒரே மேஜைக்கு ஒரே ஆள் எழுத்தில் இரண்டு மனு. அந்தப் பியூனே பார்த்துச் சொல்லிவிடுவான். பரீட்சை இருக்கிறது என்றாள் யசோதரா. விரலில் வலி என்றாள். வேறு யாராவது எழுதட்டுமே என்றாள்.

"உன் எயுத்துக்கு அங்க ஒரு மதிப்பு கீது யசோ" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "வேற எவன் எயுதினாலும் குப்பைல போடுவான்."

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, வெள்ளைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா நைட் ஷிப்டு. அம்மா தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போயிருந்தாள். எழுத்தைச் சாய்த்து எழுதிப் பார்த்தாள். இடது கையால் எழுதிப் பார்த்தாள். எப்படி எழுதினாலும் அது அவள் எழுத்தாகவே வந்தது. மூன்று தாள் கசங்கியது.

கதவைத் தட்டாமல் வரலட்சுமி உள்ளே வந்தாள்.

வந்தவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஸ்டானிஸ்லாஸிடம் கேட்டு வாங்கி இடுப்பில் செருகியிருந்த ஜெராக்ஸை எடுத்து விரித்தாள். எண்ணெய் தெறித்துப் புள்ளி புள்ளியாகச் சுட்ட வடு இருந்த விரலால் ஒரு வரியைத் தேடி நிறுத்தினாள்.

"எனக்கு எயுத்து தெரியாது. நம்பரு தெரியும். நாளு பூரா சில்லற எண்றவ" என்றாள். "இது இருவத்தி மூணு. நீ படிக்கசொல்ல இத்த வுட்டுட்ட. பாயி கேட்டாரு, இல்லன்ன."

யசோதரா கசங்கிய தாள்களை ஓரமாக ஒதுக்கினாள்.

வரலட்சுமி ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்தாள். பென்ஷன் மனுவின் நகல், மடிப்பில் பழுப்பேறிக் கிடந்தது. அதை ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் கழுத்து வளைந்த அதே 2, வால் நீண்ட அதே 3.

"நான்தான்க்கா எயுதினேன்" என்றாள் யசோதரா. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. மேஜை, ஆன்ட்டி, கணக்கு மார்க்கு, தள்ளிப் போடத்தானே சொன்னார்கள் என்பது, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னாள். ஜன்னலைச் சாத்தியதையும் கை கழுவியதையும்கூட மறைக்கவில்லை.

வரலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். காசு ஏதாவது கொடுத்தார்களா என்று மட்டும் கேட்டாள். இல்லை. உன் அம்மா வேலையை எடுத்துவிடுவோம் என்று மிரட்டினார்களா என்று கேட்டாள். அதுவும் இல்லை. அந்த இரண்டில் ஒன்றாவது ஆமாம் என்று இருந்தால் அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்போலத் தெரிந்தது.

வெளியே தண்ணீர் லாரி வந்து நிற்கும் சத்தமும், குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தமும் கேட்டன. அம்மா இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள்.

"நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். வண்டிய பைன் கட்டி எட்த்துக்கலாம், இல்ல வேற செஞ்சிக்கலாம். அத்த வுடு" என்றாள் வரலட்சுமி. இரண்டு தாளையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சரிசெய்தாள். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசைதான் இருந்தது.

"எனக்கு எயுதசொல்ல, வர்ற ஆளு என் வூட்ட தேடி அலயக் கூடாதுன்னு இந்த நம்பர போட்ட. அவங்களுக்கு எயுதசொல்ல, யார நெனச்சிகினு போட்ட கண்ணு?"