பதினோரு அங்குல மண்

1

இந்தக் கதை என் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது. இடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தபோது மடிப்பில் காய்ந்த களிமண். கேட்டதும் தையல்காரர் வெட்கப்பட்டார். பிறகு பேச்சை நிறுத்தவில்லை. இதில் அவர் சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி.

முதல் தொடக்கம்: 'கலை என்பது மனித மனத்தின் தீராத...' (அடித்துவிட்டேன். தீராத என்னவென்று எனக்கே தெரியவில்லை.)

இரண்டாவது: 'அவருடைய பின்னறையில் தோல்விகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.' இது தேவலாம்.

2

நீர்வண்ணத்தில் அவர் தீட்டிய வானம் தாளோடு சுருண்டுகொண்டது. கரியில் வரைந்த முகங்கள் எல்லாம் சட்டை தாமதமான வாடிக்கையாளரைப் போல முறைத்தன. மரம் செதுக்கியதில் தழும்பு விழுந்தது கட்டைவிரலில். எதுவும் வீட்டுச் சுவர் ஏறவில்லை. ஒன்றே ஒன்று ஏறிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

"நல்லா இருந்தா நானே ஆணி அடிப்பேன்," என்பார் மனைவி.

(அவரைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. அந்தத் தாள்களில் ஒன்றைக்கூடக் குப்பையில் போடாமல் வைத்திருந்தவரும் அவர்தான்.)

குழாய் மாற்றும்போது சமையலறைச் சுவரில் ஒரு டைல் உடைந்தது. பத்து அங்குலச் சதுரத்தில் ஓட்டை. அதே நிறம் கடையில் இல்லை.

"நான் செஞ்சு தரேன். மண்ணுல, படத்தோட," என்றார் தையல்காரர்.

மனைவியின் தம்பி டைல்ஸ் பதிப்பவர். சாமான் போட்டுவைக்க இடமில்லாமல், பின்னறை மேல் நெடுநாளாக ஒரு கண். அக்கா தீர்ப்புச் சொன்னார்: "இது சரியா உட்கார்ந்தா அறை உங்களுக்கு. இல்லேன்னா தம்பிக்கு. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

3

மண்ணை உருட்டிப் பரப்பினார். மீன் ஒன்றைச் செதுக்கினார். சுற்றிலும் வெட்டினார். அப்புறம்தான் பார்த்தார்: கை தன் வழக்கப்படி நாலு பக்கமும் தையலுக்கு அரை அங்குலம் விட்டிருந்தது.

"மண்ணுக்கும் தையலா?" மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

தம்பி கத்தியோடு வந்தார். "ஈரமா இருக்கும்போதே ஓரத்தை நறுக்கிடலாம் அத்தான். செருப்பு தப்பிச்சுடும்."

"அது மீன்."

"சரி, மீன் தப்பிச்சுடும்."

தையல்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "சுட்டு வரட்டும். போட்டுப் பார்க்காம கத்தி வைக்கிறது எங்க தொழில்ல கிடையாது மச்சான்."

"இது என்ன சட்டையா?"

"எனக்கு எல்லாமே சட்டைதான்."

(இங்கே கலையைப் பற்றி அவர் வாயில் ஒரு பக்கம் வசனம் வைத்திருந்தேன். அவர் பேசக்கூடியவராகத் தெரியவில்லை. எடுத்துவிட்டேன்.)

4

களிமண் காயும்போது சுருங்கும். சூளையில் இன்னும் சுருங்கும். அந்த வீட்டில் மூவருக்கும் இது தெரியாது.* மொத்தமாகப் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

சூளையிலிருந்து வந்ததைத் தம்பி ஓட்டையில் வைத்தார். உட்கார்ந்தது. சிமெண்டுக்கு நூலளவு இடம் சுற்றிலும் இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் உட்கார்ந்தது.

"அத்தான், இது..."

(வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.)

* டைல்ஸ் பதிப்பவருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். கடை டைல் சுருங்கி முடித்துவிட்டுத்தான் அவர் கைக்கு வருகிறது. எனக்கும் இந்தப் பகுதிக்காக விசாரித்தபோதுதான் தெரிந்தது.

5

மனைவி பக்கத்து வீட்டுக்காரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "எங்க வீட்டுக்காரர் செஞ்சது. கையால!"

"அட, செருப்பு தத்ரூபமா இருக்கே!"

"மீன்," என்றார் மனைவி, அடிக்காத குறையாக. தையல்காரர் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

இத்தோடு முடித்திருக்கலாம். அடக்கமாக முடிக்க ஒரு வழியும் வைத்திருந்தேன்: ஒரு வெற்றி போதும் என்று அவர் தையல் இயந்திரத்துக்குத் திரும்புவது. எழுதிப் படித்தேன். அதில் அவர் தலைகுனிந்திருந்தார். அன்று அந்தச் சமையலறையில் யாரும் தலைகுனியவில்லை.

நடந்தது இது. மனைவி சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மீனுக்குப் பக்கத்தில் இருந்த டைலைத் தட்டிக் காட்டினார். அது உடையவில்லை, கீறல்கூட இல்லை.

"தம்பி, இதையும் பேர்த்துடு."

"அக்கா, இது நல்லாத்தானே இருக்கு?"

"அவர் செய்வாரில்ல?"

தம்பி உளியை வைத்து, சுத்தியலை ஓங்கி, அத்தானைப் பார்க்கிறார். தையல்காரர் கழுத்திலிருந்து அளவுநாடாவை உருவுகிறார். நான் பேனாவை மூடிவிட்டேன். அந்தச் சுவரில் எத்தனை டைல் மிஞ்ச வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். ஓங்கிய கை வலிக்கும்.