தீனிப் பையின் பின்பக்கம்

கமலாட்சி அந்தப் பையைப் படித்த படிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தின்கன்ஜூன் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகப் பரீட்சைத் தாள் திருத்துகிறவள். ஒரு கால்புள்ளி அவள் கண்ணிலிருந்து தப்பாது. அப்துல் பாரியின் கடையில் நின்று, நாய்த் தீனிப் பையைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்துப் பொடியெழுத்தில் விரல் வைத்து வரிவரியாகப் போனாள். மாட்டிறைச்சி இல்லை. மாட்டுக் கொழுப்பு இல்லை. முன்பக்கமோ கொழுகொழுவென்று ஆட்டுக்குட்டிப் படம். அப்பாடா என்று வாங்கி வந்தாள்.

வீட்டு நாய் நியோவுக்குப் பன்னிரண்டு வயசு. சொறிந்து சொறிந்து முதுகில் முடி போய், தோலில் ரத்தம் கசிந்தது. கோழி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, கோழியே கலக்காத தீனியாகப் போட்டு இரண்டு மாதம் பாருங்கள் என்றார் டாக்டர். மீன் போடலாமே என்பீர்கள். மீனென்றால் அந்த மகாராஜா மோந்துகூடப் பார்க்க மாட்டார்.

கீழ்வீட்டுக்காரர்கள் வேறு, குழந்தைகளுக்குச் சொறி ஒட்டிக்கொள்ளும் என்று தினம் வந்து நின்றார்கள். கணவர் முரளிதரன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"தீபாவளிக்கு மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள சரியாகலைன்னா டாலாவுக்குப் படகேத்தி விட்டுட்டு வந்துருவேன். அப்புறம் அழக்கூடாது."

ஆற்றுக்கு அந்தப் பக்கம், தெருநாய்களுக்கு நடுவே, கிழட்டு நாய் எத்தனை நாள் தாங்கும்?

மூன்று வாரம் போயிற்று. சொறிதல் கூடியதே தவிர குறையவில்லை. பை அடிமட்டத்துக்கு வந்த ஒரு காலையில், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். இரண்டாவது பெயரே கோழி. ஐந்தாவது, கோழிக் கொழுப்பு.

ஐயையோ! முன்பக்கத்து ஆட்டுக்குட்டியை நம்பி, மாட்டை மட்டும் தேடியிருக்கிறாள். தன் பூஜை அறைக்காகப் படித்தாளே ஒழிய, அந்த வாயில்லா ஜீவனுக்காக ஓர் எழுத்துகூடப் படிக்கவில்லை. இதற்கு ஒரு டீச்சர் உத்தியோகம் வேறு! வெட்கம் பிடுங்கித் தின்றது. பையைச் சுருட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள்.

"நானும்தான் படிச்சேன், சயாமா," என்றார் அப்துல் பாரி. பர்மியப் பேச்சில் டீச்சரம்மா என்று அர்த்தம், ஊரே அப்படித்தான் கூப்பிடும். "பன்னி இருக்கான்னு மட்டும் பார்த்தேன். என் கை படுற சாமானாச்சே."

"நல்லா படிச்சோம் போங்க பாய், ரெண்டு பேரும்."

இரண்டு முக்காலிகளை இழுத்துப் போட்டார்கள். கடையிலிருந்த பைகளையெல்லாம் இறக்கி, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை வாய்விட்டுப் படித்தார்கள். வாத்து என்று படம் போட்டதில் கோழி. காய்கறி என்று போட்டதிலும் கோழி. ஒன்றில் 'மிருகப் புரதம்' என்று மொட்டையாக இருந்தது, எந்த மிருகமாம்? அதைத் தள்ளி வைத்தார்கள். கடைசிப் பையை மட்டும் பாரி வாய்க்குள்ளேயே படித்தார், தேறியது அது ஒன்றுதான். அதை அவளிடம் தராமல் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டார்.

"என் பன்னியும் இல்ல, உங்க கோழியும் இல்ல. ஆனா, சயாமா..."

"மாடா?"

"முதல் பேரே அதுதான்."

கமலாட்சி பையைத் தன் பக்கம் திருப்பி, அந்த முதல் பெயரைத் தானே ஒருமுறை படித்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குள் கொண்டுபோகக் கால் வரவில்லை. பையை வாசலுக்கு வெளியே, மாடிப்படியருகில் வைத்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள். முரளிதரன் கோயில் கமிட்டிக்காரர். பூஜை முடியாமல் டீகூடக் குடிக்காத மனுஷர்.

"மறைச்சு வச்சுப் போட மனசு வரலீங்க. இது மாட்டுக்கறித் தீனி."

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"கோழி?"

"ஒரு துளி இல்ல."

"போன தடவையும் பார்த்தேன்னுதானே சொன்னே?"

"இந்தத் தடவை நியோவுக்காகப் பார்த்தேன்."

நியோ கதவருகே வந்து நின்று, திரும்பித் தன் முதுகைத் தானே கடித்தது. முரளிதரன் அதைப் பார்த்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"கத்திரிக்கோல் கொண்டா."

"நான் போடுறேங்க. உங்களுக்கு ஏன்..."

"நீ தொடாத. தினம் சாமிக்குப் படைக்கச் சமைக்கிற கை. காலையில குளிக்கிறதுக்கு முன்னாடி நானே போட்டுடுறேன். பாவம்னு ஒண்ணு இருந்தா எனக்கே இருக்கட்டும்."

கமலாட்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. கத்திரிக்கோலை எடுத்து வந்து கொடுத்தாள். அவர் பையை வெட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். கிண்ணம் எடுத்து வர அவள் திரும்புவதற்குள் நியோ அவர் உள்ளங்கையிலேயே வாயை வைத்துவிட்டது. அவர் கையை எடுக்கவில்லை.